சந்திரகாந்தி அக்காவும் குரோத்தோனே கடலும்

சந்திரகாந்தி அக்காவுக்குப் பயம் கூட. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரே எல்லோரிடமும் சொல்லுவார். நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், வீதியில் பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் பயம். ஜெர்மனியில், கொலோன் நகரின் கல்க் பகுதியில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருபது வருடமாக இருக்கிறார். இரண்டு கையிலும் சாமானோடு படியேறி வருவாரே தவிர, ஒரு நாளும் லிஃப்டுக்குள் கால் வைத்ததில்லை.

வேலையில் மட்டும் அவர் வேறு ஆள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. காலை ஆறு மணிக்கு நிறுவனத்தின் சின்ன வெள்ளைக் காரை எடுத்தால் மத்தியானத்துக்குள் பதினொரு வீடு. குளிக்க வார்ப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, வீங்கின காலுக்கு இறுக்கமான காலுறை மாட்டுவது, ஊசி போடுவது. அந்த வேலைக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் இருபது வயதுக்காரர் நடுவே இருந்து படித்து முடித்தவர்.

அந்தப் பதினொரு வீட்டில் ஒன்று ஃபிராவ் லோமன், அதாவது திருமதி லோமனுடையது. சூல்ஸ் பகுதியில் தனியாக இருக்கிற எண்பத்து மூன்று வயதுப் பெண்மணி. வருமானவரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். இருதயத்தில் ஒரு ஸ்டென்ட், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை, இரண்டு காதிலும் கேட்கும் கருவி. கணவர் போய் நாலு வருடம். ஒரே மகள் பிர்கிட் மியூனிக்கில் இருக்கிறாள்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு காலை, அக்கா காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபிராவ் லோமன் கேட்டார். பேசினது ஜெர்மன் மொழியான டொச்சில்தான், அக்கா எனக்குச் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

"சந்திரா, ஒக்ரோபரில நான் கப்பலில இத்தாலிப் பக்கம் போகப்போறன். தனியப் போக பிர்கிட் விடமாட்டாளாம். நீங்கள் வாறீங்களோ?"

அக்காவுக்கு மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் அந்த மனுசி அப்படி ஒன்றையும் கேட்கிற ஆள் இல்லை. வீட்டில் கணவர் செல்வராசா அண்ணையும், "பத்து நாள்தானே, போட்டு வாரும். நான் சமைச்சுச் சாப்பிடுவன்" என்று சொல்லிவிட்டார். அக்கா விடுமுறை எடுத்தார்.

புறப்பட முதல் நாள் பிர்கிட் தொலைபேசியில் பேசினாள். "அம்மாவை ஒரு நிமிசமும் தனிய விடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் ரெண்டு மணிக்கு எடுப்பன்."

"ஓம், நான் பாக்கிறன்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார். குளிசைகளின் பெயர், நேரம், மூன்று வைத்தியர்களின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பையிலும் மற்றதைச் சட்டையின் உள்பொக்கற்றிலும் வைத்துக்கொண்டார்.

ஜெனோவாவில் கப்பல் ஏறினார்கள். ஒரே அறையில் இரண்டு கட்டில். முதல் இரண்டு இரவும் அக்கா தூங்கவில்லை. ஃபிராவ் லோமன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடியே கிடந்தார். சத்தம் கொஞ்சம் மெலிந்தால் எழும்பிப் போய்க் கிட்ட நின்று பார்ப்பார். மூன்றாம் நாள்தான் கண் அசந்தது.

ஐந்தாம் நாள் கப்பல் குரோத்தோனே என்ற ஊரில் நின்றது. இத்தாலியின் தெற்கே, பெரிய கப்பல்கள் எப்போதாவது வந்து போகிற சின்னத் துறைமுகம். ஊருக்கு வெளியே, ஒற்றைத் தூண் மட்டும் மிஞ்சி நிற்கிற பழைய கிரேக்கக் கோயில் ஒன்று இருக்கிறதாம். கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்க பஸ் ஏறினார்கள். ஃபிராவ் லோமனுக்கு பஸ் வேண்டாம். "ஒரு தூணைப் பாக்க ஒரு மணித்தியாலம் இருக்கோணுமோ? நடப்பம்" என்றார். கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும், நாலரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் ஊர் உடனே தொடங்கிவிடுகிறது. கோட்டை மதில், மீன்கடை, உடுப்புத் தொங்குகிற பல்கனிகள். எழுதியிருப்பதெல்லாம் இத்தாலி மொழியில்தான். ஒரு சின்னக் கடையில் பாண் துண்டில் சிவப்பாக எதையோ பூசிக் கொடுத்தார்கள். குஞ்சு மீனையும் மிளகாய்த்தூளையும் சேர்த்துச் செய்கிறதாம். வாயில் வைத்ததும் அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கப்பலில் ஐந்து நாளாக உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்ட நாக்கு. அவர் இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஃபிராவ் லோமன் ஒரு கடி கடித்துவிட்டு முழுப் போத்தல் தண்ணீரையும் குடித்தார். அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தது அந்தக் கடையில்தான்.

அங்கிருந்து கடற்கரை வீதிக்கு வந்தார்கள். ஒக்ரோபர் என்றாலும் நல்ல வெயில். கோடைக்காலக் கூட்டம் போய்விட்டது. உயிர்காப்பாளரின் உயரக் கதிரை வெறுமையாக நின்றது. தூரத்தில் ஒரு தேநீர்க்கடையில் யாரோ பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிராவ் லோமன் மணலில் இறங்கி, நின்று, தன் சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே கருநீல நீச்சலுடை.

"காலமையே போட்டுக்கொண்டுதான் வந்தனான்" என்றார்.

"ஃபிராவ் லோமன், ஏலாது. உங்கட மகளுக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

"நான் குடுக்கேல்லை."

"உங்கட இருதயம்..."

"பத்து நிமிசம் சந்திரா. சின்ன வயசில ரைன் ஆற்றைக் குறுக்கால நீந்தின ஆள் நான். இனி எனக்கு எப்ப கடல் கிடைக்கும்?"

பேசிக்கொண்டே கேட்கும் கருவிகள் இரண்டையும் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்கடிகாரம், இரண்டு மோதிரங்கள். எல்லாவற்றையும் அக்காவின் பைக்குள் போட்டுவிட்டு, வெள்ளை ரப்பர் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். "எண்பத்து மூண்டு வயசு மனுசியை நான் எப்பிடிப் பிடிச்சு இழுக்கிறது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

நேரம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அக்கா பிறந்தது காரைநகரில், சுற்றிவரக் கடல். ஆனால் நீந்தத் தெரியாது. பெண்பிள்ளைகளுக்கு யாரும் பழக்கவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொடுகிற இடத்தில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, வெள்ளைத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிராவ் லோமன் நன்றாகத்தான் நீந்தினார். நேரே மஞ்சள் மிதவைகள் வரைக்கும் போய், அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பினார். கரைப்பக்கம் திரும்பவில்லை. அக்கா கையை ஆட்டினார். கண்ணாடி இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்?

அப்போது பைக்குள் தொலைபேசி அடித்தது. இரண்டு மணி. அக்கா கையை விட்டு எடுத்துப் பார்த்தார். பிர்கிட்.

திரையில் அந்தப் பெயரைப் பார்த்த நேரம் இரண்டு மூன்று வினாடிதான் இருக்கும். நிமிர்ந்தபோது தொப்பியைக் காணவில்லை.

மிதவைக்குப் பின்னால் இருப்பார் என்று நினைத்து, பத்துவரை எண்ணினார். வெயில் தண்ணீரில் பட்டு எல்லா இடமும் வெள்ளையாகவே மின்னியது. தொலைபேசி அடித்து ஓய்ந்தது. இன்னும் பத்து எண்ணினார். பிறகு பையையும் தொலைபேசியையும் பின்னால் மணலில் எறிந்துவிட்டு ஓடினார், காற்சட்டையோடும் சப்பாத்தோடும் தண்ணீருக்குள். இடுப்புவரை, நெஞ்சுவரை. "ஃபிராவ் லோமன்! ஃபிராவ் லோமன்!" கத்திக்கொண்டிருக்கும்போதுதான், அவருடைய காது தன் பைக்குள் இருக்கிறது என்பது நினைவு வந்தது. ஒரு சின்ன அலை வந்து வாய்க்குள் உப்புத்தண்ணீர் போனது. கால் மணலை விட்டது. அந்த ஒரு கணத்தில் தானும் போய்விடுவேன் என்றே நினைத்தாராம். கையை அடித்து, எப்படியோ நிலத்தை மிதித்துத் திரும்பி, மணலில் கிடந்த பையையும் தொலைபேசியையும் அள்ளிக்கொண்டு தேநீர்க்கடைக்கு ஓடினார்.

கதிரை அடுக்கிக்கொண்டிருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அக்காவுக்கு இத்தாலி மொழி தெரியாது, அந்தப் பெண்ணுக்கு டொச் தெரியாது. அக்கா நீந்துகிறமாதிரிக் கையைக் காட்டினார், தலையில் தொப்பி போடுகிறமாதிரிக் காட்டினார், கூன் போட்டு வயதைக் காட்டினார், கடைசியில் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உடனே தொலைபேசியை எடுத்து யாருக்கோ வேகமாகப் பேசினாள். கடையில் நின்ற ஒரு மனிதர் காலால் மிதிக்கிற படகு ஒன்றைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

கால் மணித்தியாலத்தில் கரையோரக் காவல் படையின் படகு ஒன்று முனையைச் சுற்றி வந்தது. வீதியால் ஒரு ஜீப்பும் வந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு ஆண், ஒரு இளம் பெண். பெண்ணுக்கு ஆங்கிலம் தெரிந்தது. அக்காவின் ஆங்கிலம் கொஞ்சம்தான்.

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை. நான் பராமரிப்பாளர்."

"உங்கள் கடவுச்சீட்டு?"

"கப்பலில்."

"பையில் என்ன?"

அக்கா பையைத் திறந்தார். ஒரு முதிய வெள்ளைக்காரப் பெண்மணியின் இரண்டு மோதிரம், தங்கக் கடிகாரம், கண்ணாடி, காதுக் கருவி, பணப்பை. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அக்காவுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. தொண்ணூற்று நாலில் கொழும்பில், சோதனைச் சாவடி மேசை ஒன்றில் அவருடைய பையை இப்படித்தான் கொட்டிப் பார்த்தார்கள். இப்போது அவர் ஜெர்மன் குடியுரிமை உள்ளவர், பதினைந்து வருடமாகிறது. அது மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. இந்த மனுசி திரும்பி வராவிட்டால், மோதிரத்துக்காக நான் ஏதோ செய்தேன் என்று நினைப்பார்கள். நான் கரையில் நின்றேன் என்பதற்கு யார் சாட்சி?

"நீங்கள் ஏன் கூடப் போகவில்லை?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

தொலைபேசி திரும்ப அடித்தது. நடுவில் ஒருமுறை அடித்து ஓய்ந்திருந்தது, இது மூன்றாம் தரம். அதிகாரி எடுக்கும்படி கையைக் காட்டினார்.

"அம்மா எங்க? ஏன் ரெண்டு தரமும் எடுக்கேல்லை?" பிர்கிட் கேட்டாள்.

அம்மா படுத்திருக்கிறார் என்ற பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதாம். அக்கா அதை விழுங்கினார்.

"உங்கட அம்மா கடலில இறங்கினவ. இப்ப அவவைக் காணேல்லை. காவல்காரர் படகில தேடுகினம்."

பிர்கிட் மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"ஓம்."

"பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்" என்று இன்னொருதரம் சொல்லிவிட்டுப் பிர்கிட் துண்டித்தாள்.

தேநீர்க்கடைப் பெண் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா இருக்கவில்லை. கும்பிடப் பார்த்தார், ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தாளில் எழுதியிருந்த குளிசைகளின் பெயர்கள்தான் வாயில் வந்தன. காலையில் இது, மத்தியானம் அது, இரவு அரைவாசி. அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தபடி நின்றார். படகு ஒருமுறை போய் வந்தது, இன்னொருமுறை போனது. மூன்று மணி தாண்டியது.

ஜீப்பில் இருந்த வானொலி கரகரத்தது. இளம் அதிகாரி ஓடிவந்தார். "வெள்ளைத் தொப்பி. பாறைக்கு அந்தப் பக்கம். ஏறுங்கள்."

உயிரோடா என்று அவர் சொல்லவில்லை. தன் முகத்தைப் பார்த்தாலே விளங்கும் என்று நினைத்திருப்பார். அக்காவுக்குக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஐந்து நிமிட ஓட்டத்தைத்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமான பயணம் என்று அக்கா சொல்லுவார். கையில் கண்ணாடியையும் காதுக் கருவிப் பெட்டியையும் இறுக்கிப் பிடித்திருந்தாராம். இறந்தவருக்குக் கண்ணாடி போட்டு விடுவார்களா என்றுகூட யோசனை ஓடியதாம்.

பாறைகள் முடிகிற இடத்தில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின்மேல், யாரோ ஒருவரின் பெரிய ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு, தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஃபிராவ் லோமன் இருந்தார்.

நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. களைத்து, பாறையில் பிடித்து ஏறியிருக்கிறார். கண் தெரியாமல், காது கேளாமல், எந்தப் பக்கம் போவதென்று விளங்காமல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உதடு நீலம். உள்ளங்கால் கிழிந்து, இரத்தம் உறையாத குளிசை குடிக்கிற ஆள் என்பதால், மணலில் இரத்தம் வழிந்துகொண்டே இருந்தது.

அக்கா அருகே போய்க் குனிந்தார். ஃபிராவ் லோமன் அவரை நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. அக்கா கண்ணாடியை மாட்டிவிட்டார். பிறகு ஒவ்வொரு காதாகக் கருவியைப் பொருத்தினார். தன் கழுத்துச் சால்வையை எடுத்துக் காலில் இறுக்கிக் கட்டினார்.

"எத்தினை மணி?" என்றார் ஃபிராவ் லோமன். "கப்பல் போயிடும்."

அக்கா மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ வருடம் காலையில் பதினொரு பேரின் நாடியைப் பிடித்த விரல். மூன்று துடிப்பு, ஒரு வெறுமை, பிறகு எண்ண முடியாத வேகத்தில் ஒரு ஓட்டம், திரும்ப வெறுமை. களைப்பில் இப்படி வராது.

"ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"கப்பலுக்குப் போறம். எனக்கு ஒண்டும் இல்லை."

"ஏலாது."

"சந்திரா, நீங்கள் என்னோட வேலைக்கு வந்தனீங்கள்."

"ஓம். அதாலதான் சொல்லுறன்."

ஃபிராவ் லோமன் அம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். துடிப்பின் ஒழுங்கு குழம்பியிருக்கிறது, இரண்டு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அக்கா கப்பல் அட்டையில் இருந்த எண்ணுக்கு எடுத்துச் சொன்னார். நாலரைக்குத் துறைமுக முகவர் ஒருவர் இரண்டு பெட்டிகளையும் கடவுச்சீட்டுகளையும் குளிசைப் பையையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்குக் கப்பல் ஊதுகிற சத்தம் வாட்டுக்குள் கேட்டது. பாஷை தெரியாத ஊரில், ஈரக் காற்சட்டையோடு, அக்கா விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தார். பிர்கிட்டுக்கு எல்லாவற்றையும் குறுஞ்செய்தியில் எழுதினார். "நாளை வருகிறேன்" என்று ஒரு வரி மட்டும் பதில் வந்தது.

பிறகு செல்வராசா அண்ணைக்கு எடுத்தார். நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். அண்ணை கேட்டுவிட்டு, "நீர் சாப்பிட்டீரே?" என்றார். அப்போதுதான் அக்கா அழுதார்.

அடுத்த நாள் பிர்கிட் வந்தாள். அக்காவைக் கண்டு தலையைக்கூட அசைக்கவில்லை. நேரே தாயின் கட்டிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்த விமானத்தில் தாயும் மகளும் முன்னால், அக்கா இருபத்திரண்டாம் வரிசையில். கொலோன் வந்து ஒரு கிழமையில், தன் தாயின் வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பும்படி பிர்கிட் நிறுவனத்துக்கு எழுதிவிட்டாள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, விடுமுறையில் நடந்தது எங்களுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் வாடிக்கையாளரின் விருப்பத்தை மறுக்க முடியாது என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அக்கா இருந்த இருப்பை நான் கண்ணால் பார்த்தேன். வழக்கறிஞரின் கடிதம் வரும் என்று தினமும் தபால் பெட்டியடியில் நிற்பார். என்னைத்தான் திறந்து பார்க்கச் சொல்லுவார். மின்சாரக் கட்டணமும் விளம்பரத் தாளும்தான் வரும். அதைக் காட்டினாலும் நம்பமாட்டார். "நாளைக்கு வரும்" என்பார். குளியலறையில் தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று, வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தார். ஆனால் காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கார் ஒரு நாளும் பிந்தவில்லை. இப்போது பத்து வீடு.

நவம்பர் கடைசியில் பிர்கிட் தொலைபேசி எடுத்தாள். தாய்க்குக் கொலோனில் இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். இத்தாலி ஆஸ்பத்திரியின் பதிவைப் பார்த்த இருதய வைத்தியர், அன்றைக்கு அங்கேயே சேர்த்தது யார் என்று கேட்டாராம்.

"கப்பலில ஏத்தியிருந்தா..." என்று தொடங்கிய பிர்கிட் முடிக்கவில்லை. பேச்சை மாற்றினாள். "அம்மா புதுசா வாற பிள்ளைக்குக் கதவு திறக்கிறா இல்லை. திங்கக்கிழமை காலமை உங்களால வர ஏலுமோ?"

மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை சூல்ஸில் அந்தக் கதவுக்கு முன்னால் அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவு உள்ளிருந்து திறந்தது.

"நாலு நிமிசம் பிந்திட்டீங்கள்" என்றார் ஃபிராவ் லோமன்.

மேசையில் இரண்டு கோப்பை கோப்பி இருந்தது. வழக்கமாக அவர் யாருக்கும் கோப்பி போடுகிறவர் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தார்கள். ஃபிராவ் லோமன் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மிதவையைத் தாண்டினதும் எனக்குக் கரை எந்தப் பக்கம் எண்டே தெரியேல்லை. சரியாப் பயந்துபோனன். பிர்கிட்டுக்கு நான் இதைச் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

பிறகு பையைத் திறந்து, இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை வெளியே எடுத்து, "கையைத் தாங்கோ" என்றார்.